'யொக்குனை?' என்றால் "நல்லாருக்குல்ல?" என்றா, "நல்லா இல்லையா?" என்றா?

ஜப்பானியப் பேச்சுவழக்கு தெரிந்தவர்கள் உதவுங்கள். வாக்கியக் கடைசியில் ஒட்டும் 'நே' புரிகிறது, நம்ம "இல்ல?" மாதிரி. அதே இடத்தில் வரும் 'ஜன்' கூடப் பரவாயில்லை: 'அமே ஜன்!' என்றால் "அட, மழை பெய்யுது!" பெயர்ச்சொல்லுக்கும் 'ஜன்'-க்கும் நடுவில் 'தா' ("ஆகும்" மாதிரியான சொல்) போட்டால் தப்பு. மேலதிகாரியிடம் 'ஜன்' வேண்டவே வேண்டாம்.

குழப்புவது 'யொக்குனை?' தான். எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம், குரலில்தான் வித்தியாசம். நிஜமாகவே "நல்லா இல்லையா?" என்று கேட்டால் 'யொ' உயர்ந்து, உடனே குரல் இறங்கி, 'னை'யின் கடைசி 'இ' ஒலியில் மட்டும் ஏறுகிறது. இளைஞர்கள் ஆமோதிப்பு தேடும்போது நடுவில் இறக்கமே இல்லை, கடைசிவரை ஏறிக்கொண்டே போகிறது.

வயதானவர்கள் ஆமோதிப்பு கேட்கும்போதும் இப்படித்தான் ஏற்றுவார்களா? வேகமான பேச்சில் அந்த இறக்கத்தைப் பிடிக்க எந்த அசையைக் கவனிக்க வேண்டும்? இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும் ஒலிப்பதிவு இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.