1905இல் இறந்தவர் 1913இல் எப்படிக் கட்டினார்? சேச்செனி குளியல் மாளிகை பற்றி ஒரு கேள்வி

சுண்ணாம்புக்காரை:
புடாபெஸ்ட் நகரத்துச் சேச்செனி வெந்நீர்க் குளியல் மாளிகை பற்றிப் பயணப்பை என்ற நண்பர் பக்கத்து இழையில் படங்களோடு எழுதியிருக்கிறார். படங்கள் அருமை. ஆனால் மஞ்சள் சுவர்களுக்கு நடுவில் ஆவி பறக்கும் திறந்தவெளிக் குளத்தின் படத்துக்குக் கீழே "1913இல் ட்சிக்லர் கட்டிய குளம்" என்று போட்டிருக்கிறார். தவறு என்று அங்கேயே சொன்னேன். "சின்ன விஷயம், விடுங்கள்" என்றார். எனக்கு அது சின்ன விஷயம் இல்லை, அதனால் தனி இழை.

கட்டடக் கலைஞர் ட்சிக்லர் 1905இல் இறந்துவிட்டார். கட்டுமான வேலை ஆரம்பித்ததே 1909 மே மாதம். திறப்பு 1913 ஜூன். படத்தில் இருக்கும் குளங்கள் 1927இல் வந்தவை. இதில் ட்சிக்லர் எந்தச் செங்கல்லைக் கட்டினார் என்று யாராவது சொல்லுங்கள்.

பயணப்பை:
ஐயா, நான் ஊர் சுற்றிப் பார்த்து எழுதுகிறவன். பதினெட்டுக் குளம், அதில் மூன்று வெளியே, கழுத்தளவு வெந்நீரில் நின்று சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள், இதையெல்லாம் எழுதியிருந்தேன். உங்கள் கண்ணில் பட்டது படத்துக்குக் கீழே இருந்த ஒரே வரிதானா? வழிகாட்டிப் புத்தகம் எதை எடுத்தாலும் ட்சிக்லர் பெயர்தான் இருக்கிறது.

சுண்ணாம்புக்காரை:
வழிகாட்டிப் புத்தகம் "ட்சிக்லரின் வரைபடப்படி" என்று சொல்லும். நீங்கள் "கட்டிய" என்று எழுதினீர்கள். 1905இல் இறந்தவர் 1913இல் எப்படிக் கட்டினார்?

மாடப்புறா:
கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மாளிகை நிற்கும் நகரப் பூங்காவைப் பார்த்த அந்தத் தெற்கு முகப்பு, நடுவில் குவிமாடம், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல நீளும் சிறகுகள், இந்த ஒழுங்கு முழுக்க ட்சிக்லர் மனதில் பிறந்தது. உரோமில் புனித பேதுரு பேராலயக் குவிமாடத்தை மைக்கலாஞ்சலோவின் குவிமாடம் என்றுதான் உலகமே சொல்கிறது. அவர் இறந்தது 1564. குவிமாடம் முடிந்தது 1590. அங்கே போய் இதே கேள்வியைக் கேட்பீர்களா?

சுண்ணாம்புக்காரை:
கேட்பேன். அதை முடித்தவர் ஜாக்கமோ தெல்லா போர்த்தா. குவிமாடத்தை வரைபடத்தில் இருந்ததைவிட உயர்த்தி எழுப்பியவரும் அவர்தான். அவர் பெயரை உங்கள் மாணவர்களுக்குச் சொன்னதுண்டா? இங்கேயும் அதே கதை. ட்சிக்லர் போன பிறகு வரைபடங்களைக் கையில் எடுத்துத் திருத்தி, வேலையை நடத்தி, திறப்பு விழா வரைக்கும் கொண்டுவந்தவர்கள் துவோர்ஷாக் எடே, கெர்ஸ்டர் கால்மான். இந்த இரண்டு பெயரும் பயணப்பை எழுதியதிலும் இல்லை, நீங்கள் எழுதியதிலும் இல்லை.

டான்யூப்கரை:
இந்த ஊரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். "சேச்செனி" இல்லை, கடைசி எழுத்தில் ஒரு "ஞ" ஓசை உண்டு: "சேச்செஞி". மாளிகைக்குப் பெயர் கொடுத்த சேச்செஞி இஷ்த்வான் இந்த நாட்டின் பெரிய சீர்திருத்தவாதி. அவர் பெயரைக் கொலை செய்துவிட்டு அவர் பெயரிலுள்ள கட்டடத்துக்கு வரலாறு பேசுகிறீர்கள்.

பயணப்பை:
தமிழில் "சேச்செஞி" என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

டான்யூப்கரை:
புரியாவிட்டால் கற்றுக்கொள்ளட்டும். இன்னொன்று, ஹங்கேரியில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். சுண்ணாம்புக்காரை துவோர்ஷாக் எடே என்று சரியாக எழுதினார். நீங்கள் உங்கள் இழையில் ஜியோசோ ட்சிக்லர் என்று தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள்.

சுண்ணாம்புக்காரை:
பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அவர் எந்த வருடம் இறந்தார்? 1905.

நீரோட்டம்:
கட்டினார், வரைந்தார் என்று நீங்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தண்ணீரைக் கண்டுபிடித்தவரை ஒருவரும் நினைக்கவில்லை. ஷிக்மோந்தி வில்மோஷ் என்ற சுரங்கப் பொறியாளர் 1868இல் அந்தப் பூங்காவில் துளையிட ஆரம்பித்தார். பத்து வருடம் விடாமல் துளைத்தார். 1878இல் 970 மீட்டர் ஆழத்தில் 74 டிகிரி வெந்நீர் மேலே வந்தது. பத்து வருடம் என்பதை யோசித்துப் பாருங்கள். மின்சாரம் இல்லாத காலம், மேலே இருந்துகொண்டு ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கும் பாறையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அந்தக் கிணறு இன்றைக்கும் பூங்கா ஓரத்து வீரர்கள் சதுக்கத்தில் நினைவுக்கல்லுக்கு அடியில் இருக்கிறது. படம் எடுக்கிறவர்கள் அதன்மேல்தான் நிற்கிறார்கள், தெரியாமலே. 1881இல் அந்த நீருக்கு ஒரு தற்காலிகக் குளியலறை வந்தது, அதற்குப் பிறகுதான் மாளிகை. 1938இல் 1256 மீட்டரில் இரண்டாவது கிணறு, 77 டிகிரி. குளத்தில் 38 டிகிரிக்கு ஆற வைத்துத்தான் விடவேண்டும், அப்படியே விட்டால் உடம்பு வெந்துவிடும். இந்த மாளிகை ஒரு குழாய்க்குப் போட்ட சட்டை.

மாடப்புறா:
சட்டையா? குவிமாடக் கூடத்தில் சூரியதேவன் தேரோட்டும் மொசைக்கை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டை என்று சொல்லுங்கள். அந்தக் கூடத்துக்குள் கால் வைத்தவுடன் பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். குழாயா அதைச் செய்கிறது?

நீரோட்டம்:
தண்ணீர் இல்லாவிட்டால் அந்தக் கூடத்தில் கல்யாணம்தான் நடத்தலாம்.

பயணப்பை:
சரி, எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். துருக்கியர் விட்டுப்போன குளியல் மரபின் தொடர்ச்சி இது என்று எழுதியிருந்தேன். அதையாவது ஒப்புக்கொள்கிறீர்களா?

சுண்ணாம்புக்காரை:
போன மாதம் ருடாஷ் குளியலகம் பற்றிய இழையிலும் நீங்கள் இப்படித்தான் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டினீர்கள், மறக்கவில்லை. துருக்கியர் காலத்து ருடாஷும் கிராய் குளியலகமும் டான்யூப் ஆற்றுக்கு மேற்கே, புடா பக்கம். 16ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். மேலே குவிமாடம், கீழே எண்கோணக் குளம். புடா 1686இல் அவர்கள் கையை விட்டுப் போனது. சேச்செனி இருப்பது கிழக்கே, பெஸ்ட் பக்கம், தட்டையான நிலம். அங்கே தானாக வரும் ஊற்றே கிடையாது, அதனால்தான் 970 மீட்டர் துளைக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் 200 வருட இடைவெளியும் ஒரு பெரிய ஆறும் இருக்கின்றன.

பயணப்பை:
அந்த இழையில் நீங்கள் என்னைச் "சுற்றுலாப் பையன்" என்று சொன்னதை நானும் மறக்கவில்லை. எனக்கு 44 வயது.

சுண்ணாம்புக்காரை:
வயதைப் பற்றி நான் கேட்கவில்லை தம்பி. 1905 பற்றிக் கேட்டேன்.

பயணப்பை:
தம்பி என்று கூப்பிட வேண்டாம்.

மாடப்புறா:
"கட்டினார்" என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? வரைந்தவரா, வேலையை நடத்தியவரா, பணம் கொடுத்த நகராட்சியா, கல் சுமந்தவரா?

சுண்ணாம்புக்காரை:
அந்த வம்பெல்லாம் வேண்டாம் அம்மா. உயிரோடு இருந்தவரா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. நீங்கள் யாரும் பதில் சொல்லாததால் நானே விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1913இல் திறந்தது தெற்குப் பகுதி மட்டும். உள்ளே தனித்தனிக் குளியலறைகள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுவேறு நீராவிப் பிரிவுகள், சாதாரண மக்களுக்கென்று ஒரு பொதுக் குளியல் பகுதி. வெளியே குளம் கிடையாது. அதற்குப் பிறகு முதல் உலகப் போர், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசே உடைந்தது. 1927இல்தான் பின்னால், விலங்குக் காட்சிசாலையைப் பார்த்த வடக்குச் சிறகும் நடுமுற்றத்துக் குளங்களும் வந்தன. அதை வரைந்தவர் பிரான்சேக் இம்ரே. பழைய கட்டடத்தின் மஞ்சளையும் வளைவுகளையும் எடுத்துக்கொண்டு, ஒட்டு தெரியாமல் வளைத்துச் சேர்த்தார். ஒட்டு தெரியவில்லை என்பதற்காகவே அவருடைய பெயர் காணாமல் போயிற்று. பனிக்காலத்தில் நீச்சல் குளம் திறந்திருப்பதுகூட 1963க்குப் பிறகுதான். ஆக, பயணப்பை போட்ட அந்தப் படத்தில் பனி, ஆவி, குளம், பின்னால் தெரியும் வளைந்த சுவர் எதுவும் ட்சிக்லர் கண்ணால் பார்த்தது இல்லை.

நான் முப்பத்தொரு வருடம் கட்டுமானத் தளத்தில் பொறியாளராக இருந்தவன். ஒரு மருத்துவமனைக் கட்டடம். வரைந்தவர் பாதியில் விலகிவிட்டார். அடித்தளத்தில் நீர் ஊறியது, வரைபடம் அப்படியே செல்லாது. தூண்களின் இடத்தை மாற்றி, இரண்டு மழைக்காலம் தகரக் கொட்டகையில் தங்கி முடித்தேன். திறப்புவிழாக் கல்வெட்டில் விலகியவர் பெயர் இருக்கிறது. என் பெயரும் இல்லை, கொத்தனார் ஒருவர் பெயரும் இல்லை. துவோர்ஷாக் பெயரை விட்டுவிட்டு எழுதினால் எனக்கு ஏன் வலிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

நீரோட்டம்:
புரிகிறது ஐயா. ஷிக்மோந்தி பெயரை நீங்களும் முதல் பதிவில் விட்டுவிட்டீர்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

சுண்ணாம்புக்காரை:
இழை கட்டடத்தைப் பற்றியது.

நீரோட்டம்:
பக்கத்து விலங்குக் காட்சிசாலையில் நீர்யானைகளுக்கும் இந்தத் தண்ணீர்தான் போகிறது. அவற்றுக்குத் தெரிந்த நன்றி இந்த இழையில் யாருக்கும் இல்லை.

மாடப்புறா:
உங்கள் வலியை மதிக்கிறேன் சுண்ணாம்புக்காரை ஐயா. ஆனால் உங்களுக்கு நடந்த அநியாயத்துக்காக ட்சிக்லரைத் தண்டிக்க முடியாது. ஆந்த்ராஷி சாலையில் சாக்ஸ்லேனர் மாளிகை, யூதர் பகுதியில் ஒன்றுக்குள் ஒன்றாக முற்றங்கள் நீளும் கோஷ்டு வளாகம், இரண்டையும் அவர் உயிரோடு இருக்கும்போது முடித்தார். அந்தக் கை இந்தக் குளியல் மாளிகையிலும் தெரிகிறது. பிரான்சேக் எதைப் பார்த்து வளைத்தார்? ட்சிக்லரின் சுவரைப் பார்த்து.

சுண்ணாம்புக்காரை:
ட்சிக்லரின் சுவர் இல்லை. துவோர்ஷாக், கெர்ஸ்டர் எழுப்பிய சுவர்.

மாடப்புறா:
ட்சிக்லர் வரைந்த சுவர்.

சுண்ணாம்புக்காரை:
அவர்கள் திருத்திய வரைபடம்.

டான்யூப்கரை:
நேற்று மாலைகூடப் போய்வந்தேன். சுரங்க ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் எழுதியிருப்பதையாவது பார்த்து எழுதுங்கள், "சேச்செஞி ஃப்யூர்தோ". இத்தனை பதிவுகளில் ஒருவரும் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

பயணப்பை:
படத்துக்குக் கீழே இருந்த வரியை மாற்றிவிட்டேன். இப்போது "ட்சிக்லரின் சேச்செனி, 1913–1927" என்று இருக்கிறது. திருப்தியா?

சுண்ணாம்புக்காரை:
"ட்சிக்லரின்" என்று இன்னும் இருக்கிறது. 1927 வரைக்கும் வேறு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். இறந்து 22 வருடம்.

பயணப்பை:
இனி மாற்ற மாட்டேன்.

சுண்ணாம்புக்காரை:
நானும் விடமாட்டேன். துவோர்ஷாக் எடே. கெர்ஸ்டர் கால்மான். பிரான்சேக் இம்ரே. ஒவ்வொரு முறை அந்தப் படத்தைப் போடும்போதும் கீழே வந்து எழுதுவேன்.