வால்பாறைப் பக்கம் காட்டு டாரகன்: ஹெர்பேரியப் பதிவு உண்டா?

கேள்வி: வால்பாறைச் சாலையோரம், கசக்கினால் மரிக்கொழுந்தைப் போல மணக்கும் புதர்ச்செடி ஒன்றைக் கண்டேன். அது காட்டு டாரகனா (சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் டாரகன் மூலிகையின் காட்டு வகை)? பழைய ஹெர்பேரியப் பதிவுகளை, அதாவது உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமித்த செடி மாதிரிகளை, எங்கே பார்க்கலாம்?

பதில் 1: ஐயா, டாரகன் நம் நாட்டில் லடாக், லாகுல் போன்ற இமயமலைப் பகுதிகளுக்குரியது, அதன் இலை பிளவுபடாமல், குறுகலாக, வழுவழுப்பாக இருக்கும். நீங்கள் கண்ட இலை ஆழமாகப் பிளவுபட்டு, அடிப்புறம் வெண்பஞ்சாக மயிர் அடர்ந்திருந்தால் அது பெரும்பாலும் மரிக்கொழுந்தின் உறவுச்செடியான மாசிபத்திரியே.

பதில் 2: கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் விசாரியுங்கள். மாசிபத்திரியை முன்பு ஆர்ட்டிமீசியா வல்காரிஸ் என்ற அறிவியல் பெயராலேயே குறித்து வந்தமையால், ஆர்ட்டிமீசியா நீலகிரிக்கா என்ற இன்றைய பெயரோடு அதையும் சேர்த்துத் தேடுவது அவசியம். தாளில் ஒட்டிய சீட்டில் உள்ள இடம், உயரம், தேதி மூன்றையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். இடமில்லாத பதிவால் பரவலை அறிய இயலாது.

கேட்டவர்: அடிப்புறம் வெண்மைதான், ஐயா. பூத்த கிளையொன்றைப் படமெடுத்து அனுப்புகிறேன்.