58 சிசி ரம்பத்தில் 22 இன்ச் பார்: புளியங்கட்டையில் திணறுகிறது

அறந்தாங்கி பக்கம். போன மாதக் காற்றில் தோப்பிலிருந்த பழைய புளியமரம் சாய்ந்துவிட்டது. அடிக்கட்டை சுற்றளவு ஒன்பதடி, குறுக்கே 34 இன்ச் வரும். நடுவில் வைரம் பாய்ந்து கறுத்துக் கிடக்கிறது.

என்னிடம் இருப்பது 58 சிசி பெட்ரோல் ரம்பம், 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), .325 பிட்ச் (கண்ணி இடைவெளி) செயின். போன வருஷம் வாங்கியது. கிளைகளை வெண்ணெய் மாதிரி அறுத்தது. அடிக்கட்டையில் பார் முழுசாக உள்ளே போனதும் செயின் நின்றுவிடுகிறது. இன்ஜின் மட்டும் உறுமுகிறது, கிளட்ச் கருகின வாடை. விட்டு விட்டு அறுத்தால் ஓடுகிறது, ஆனால் அதற்குப் பொழுது போதாது.

புதுச் செயின் போட்டாச்சு. தூள் பொடியாக வரவில்லை, சீவலாகத்தான் வருகிறது, அதனால் கூர்மையில் குறை இல்லை. ஏர் ஃபில்டர் கழுவினேன், பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில், பார் நுனி வரை ஆயில் போகிறது, வெட்டில் ஆப்பும் அடித்துப் பார்த்தேன். மெக்கானிக் கார்புரேட்டரைத் திருகிவிட்டார், வித்தியாசம் ஒன்றுமில்லை. கடைக்காரர் 30 இன்ச் பார் போடச் சொல்கிறார். இருக்கிற பாரையே இழுக்காத இன்ஜின் அதை எங்கே இழுக்கும்?

இதே இன்ஜினில் 18 இன்ச் பார் மாட்டி இரண்டு பக்கமும் அறுத்தால் வேலை நடக்குமா, இல்லை 70 சிசிக்கு மேல் போனால்தான் ஆகுமா? புளி, வேம்பு அறுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.