புதுப்பிப்பு: அப்பாவுக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்துவிட்டது

தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு அறிவித்த ரூ.1000 கொரோனா நிவாரணம், 2020 ஏப்ரலில் ரேஷன் அட்டைக்கு 1000 வாங்கிய வீட்டுக்கும் உண்டா என்று போன வாரம் கேட்டிருந்தேன். உண்டு, இது தனி.

நேற்று வீட்டுக்கே வந்து கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையின் அசலைக் காட்டி நகலைக் கொடுத்தோம். அப்பாவுக்குப் பார்வை கிடையாது. நோட்டின் ஓரத்திலுள்ள ஐந்து கோடுகளை விரலால் தடவி, “ஐந்நூறுதான், ரெண்டு இருக்கு” என்றார்.

அப்புறம், மத்திய அரசு 2020-இல் 500, 500 என இரண்டு தவணையாகத் தந்தது வேறு. அது மத்திய ஓய்வூதியத் திட்டங்களில் உள்ள முதியோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். மாற்றுத்திறனாளி என்றால் ஊனம் 80 சதவீதமாவது இருக்க வேண்டும்.

அடையாள அட்டையே இல்லாத பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எதுவும் வரவில்லை. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஊரடங்கு தளர்ந்ததும் அவரை அட்டைக்கு விண்ணப்பிக்க நானே கூட்டிப் போகிறேன்.