இரவில் தனியாக நடந்து வீடு திரும்புகிறேன். தற்காப்புக்கு எதைக் கற்றுக்கொள்வது?

கேள்வி: பள்ளத்தூர்ப் பெண்

வணக்கம். எனக்கு வயது 27. பள்ளத்தூரில் அப்பத்தாவுடன் இருக்கிறேன். காரைக்குடியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்கு முடிக்கும் மாதங்களில் நான் பேருந்தை விட்டு இறங்கும்போது இரவு எட்டரை ஆகிவிடுகிறது.

எங்கள் பக்கத்துத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளில் பெரும்பாலானவை கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்து வழிபடுவது) மட்டுமே திறக்கப்பட்டு, மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. நான் கடக்க வேண்டிய சந்தில் இரு பக்கமும் மதில்தான். திண்ணையில் உட்கார்ந்திருக்க ஆளில்லை. சென்ற மாதம் இரண்டு முறை ஒரே இருசக்கர வண்டி என் நடைக்கு ஈடாக மெதுவாகப் பின்னால் வந்தது. இரண்டாம் முறை அதில் வந்தவர் என் பெயரைக் கேட்டார். நான் வேகமாக நடந்து வீட்டுக்குள் போய்விட்டேன் என்றாலும், அந்த நேரத்தில் என் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை என்பதே இன்றுவரை என்னை உறுத்துகிறது.

கராத்தேயா, சிலம்பமா, எது பயன்படும்? விளையாட்டுப் பழக்கமே இல்லாதவள் மூன்று மாதத்தில் எதையாவது உருப்படியாகக் கற்க முடியுமா? வேலையை விட்டுவிடு என்ற ஆலோசனை வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. அதை மட்டும் தவிர்க்க வேண்டுகிறேன்.

பதில் 1: தேவகோட்டை கம்புக்காரர்

சகோதரி, நான் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவன். ஆனாலும் உங்கள் தேவைக்கு முதலில் கம்பை எடுக்கச் சொல்ல மாட்டேன். நெற்றி உயரக் கம்பைத் தினமும் பேருந்தில் கொண்டுபோக முடியாது; அதை நம்பிக்கையோடு வீசிப் பழகவே பல மாதங்கள் ஆகும்; போட்டிச் சிலம்பத்தில் தொட்டால் புள்ளி என்ற கணக்கு, கையைப் பிடித்து இழுப்பவனிடம் செல்லுபடியாகாது.

எங்கள் கலையில் உங்களுக்கு உடனே உதவக்கூடியது சுவடு, அதாவது காலை எங்கே எப்படி வைப்பது என்ற பாடம். நேராகப் பின்வாங்கினால் எதிராளியும் நேராக வந்துவிடுவான். பக்கவாட்டில் சாய்வாக விலகினால் அவன் திரும்ப வேண்டியிருக்கும், அந்த நொடியில் நீங்கள் ஓடலாம். ஒருவன் நெருங்கும்போது குறைந்தது இரண்டு கை நீளம் இடைவெளி இருக்கும்படி நகர்ந்துகொண்டே இருக்கப் பழகுங்கள்.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டால், பிடித்தவரின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே அந்தப் பிடியின் பலவீனம். உங்கள் மணிக்கட்டின் ஒடுக்கமான பக்கத்தை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, முழங்கையை மடக்கி, கையை மட்டுமல்லாமல் உடம்பையும் சேர்த்துத் திருப்பி இழுக்க வேண்டும். அடிக்க நேர்ந்தால் மடக்கிய கைமுட்டியால் குத்தாதீர்கள். பழகாதவர் எலும்பான இடத்தில் குத்தினால் தம் விரலெலும்பையே முறித்துக்கொள்வார். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கை நோக்கி மேல்நோக்கித் தள்ளுங்கள், அல்லது முழங்காலால் தொடையிடுக்கில் தாக்குங்கள். ஒன்றிரண்டு அடிகளுக்கு மேல் நின்று சண்டையிட வேண்டாம்.

கராத்தேயோ குத்துவரிசையோ எதில் சேர்ந்தாலும், சேருமுன் ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். எதிரில் நிற்பவர் உண்மையாகவே பிடியை விடாமல் எதிர்க்கிறாரா, எல்லோரும் காற்றில் அடவுகளைச் செய்துவிட்டுக் கலைகிறார்களா என்பதைக் கவனித்தால் அந்த வகுப்பின் பயன் தெரிந்துவிடும்.

பதில் 2: கல்லூரி ஆசிரியை, காரைக்குடி

மேலே சொன்ன நுட்பங்களை மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சகோதரி தம் கேள்வியிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்: சத்தம் வரவில்லை. அச்சத்தில் உடல் உறைந்துபோவது கோழைத்தனமல்ல, இயல்பான எதிர்வினை. அதனால்தான் கைகளுக்கு முன்பு குரலுக்குப் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாமாண்டு மாணவிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பிரிவினருக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகள், ஆக 12 மணி நேரம் பயிற்சி தரப்பட்டது. ஆபத்தை முன்கூட்டியே அடையாளம் காண்பது, தயக்கத்தை மீறி எதிர்ப்பது ஆகியவற்றோடு தற்காப்பும் கற்பிக்கப்பட்டது. அந்நியரை மட்டுமல்லாமல் தெரிந்தவர்களால் வரும் ஆபத்தையும் அது பேசியது. ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெற்றோரில் 5.2 சதவீதம், பெறாதோரில் 9.8 சதவீதம். ஆகவே மூன்று மாதம் போதுமா என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நின்று, “கிட்ட வராதே, தள்ளி நில்” என்று அடிவயிற்றிலிருந்து தினமும் பத்து முறை கத்துங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், கூச்சம் வளவிலேயே தீர்ந்துவிட்டால் சந்தில் குறுக்கே வராது. வண்டி பின்தொடர்ந்தால் அது வந்த திசையிலேயே திரும்பி நடங்கள். குறுகிய சந்தில் வண்டியைத் திருப்ப அவருக்கு நேரமாகும். வெளிச்சமுள்ள கடையைத் தேடிப் போங்கள். அப்பத்தா மட்டும் இருக்கும் வீட்டை அவருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டாம்.

பதில் 3: வழக்கறிஞர்

பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பேசுகின்றன. தாக்கப்படலாம் என்ற நியாயமான அச்சம் எழுந்தவுடனேயே உரிமை தொடங்குகிறது; அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. விழுந்து கிடப்பவரைத் தொடர்ந்து அடிப்பது இந்த உரிமைக்குள் வராது. விருப்பமில்லை எனத் தெளிவாக உணர்த்திய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. எனவே “வேண்டாம்” என்று உரக்கச் சொல்வது சட்டப்படியும் உங்களுக்குத் துணை. வண்டி எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

பள்ளத்தூர்ப் பெண்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றே தொடங்கிவிட்டேன். அப்பத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, நான் கட்டைவிரல் பக்கமாகத் திருப்பி ஐந்தில் மூன்று முறை விடுவித்தேன். நான் கத்தியதைக் கேட்டு எதிர்வீட்டுக் காவல்காரர் ஓடிவந்தார். இரவில் அந்த வீட்டில் ஆள் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருடைய கைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். மிளகுத் தெளிப்பான் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தேவகோட்டை கம்புக்காரர்

வைத்துக்கொள்ளலாம். ஆனால் பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தால் பயனில்லை. பேருந்திலிருந்து இறங்கும்போதே கையில் இருக்க வேண்டும். எதிர்காற்றில் தெளித்தால் உங்கள் கண்ணிலேயே படும் என்பதால் காற்றின் திசையைப் பார்த்து நில்லுங்கள். வாங்கியவுடன் திறந்தவெளியில் ஒருமுறை அழுத்திப் பழகுங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள்.