மல்டிபார்ட் (பல பகுதிகள் கொண்ட) மெயிலில் லோகோ எந்த அடுக்கில் இருக்க வேண்டும்?

வணக்கம். பைத்தானின் ஈமெயில் மெசேஜ் கிளாஸை வைத்து ரசீது மெயில் அனுப்புகிறோம். வெறும் எழுத்து வடிவம், எச்டிஎம்எல் வடிவம், அதற்குள் தெரிய வேண்டிய லோகோ, கூடவே ஒரு பிடிஎஃப்.

வெளி அடுக்கு மிக்ஸ்டு (செய்தியையும் இணைப்புகளையும் சேர்த்து வைப்பது). அதற்குள் முதலில் ஆல்டர்னேட்டிவ் (ஒரே செய்தியின் மாற்று வடிவங்கள்), பிறகு பிடிஎஃப். ஆல்டர்னேட்டிவுக்குள் எழுத்து வடிவம் முன்னால், அடுத்து ரிலேட்டட் (ஒன்றைச் சார்ந்து மற்றொன்று வரும் பகுதிகள்); எச்டிஎம்எல்லும் லோகோவும் ரிலேட்டடுக்குள். மெயில் பகுதிகளின் அமைப்பை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2046 தரநிலைப்படி ஆல்டர்னேட்டிவில் கடைசியாக வருவதே சிறந்த வடிவம். வரிசையைப் புரட்டினால் எச்டிஎம்எல் இருந்தும் வெறும் எழுத்தே தெரியக்கூடும், அதனால் அதில் கை வைக்கவில்லை.

வழக்கமாகச் சறுக்கும் இடம் கன்டென்ட்-ஐடி, அதாவது எச்டிஎம்எல் எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று சுட்டும் அடையாளம். ஹெடரில் < > குறிகள் வேண்டும். ஐஎம்ஜி டேக்கில் 'சிஐடி:'க்குப் பின் அவை கூடாது. பைத்தான் உருவாக்கித் தரும் ஐடி குறிகளோடுதான் வரும், வெட்டாமல் போட்டால் படம் உடைந்துவிடும். அதைப் பார்த்தாயிற்று. டிஸ்போசிஷனும் (பகுதியை எப்படிக் காட்டுவது என்று சொல்லும் ஹெடர்) இன்லைன்தான், அதாவது செய்திக்குள்ளேயே காட்டச் சொல்வது.

ஆனாலும் ஒரு மெயில் செயலியில் மட்டும் லோகோ உரிய இடத்திலும் தெரிகிறது, இணைப்புப் பட்டியலிலும் தனியாக வந்து நிற்கிறது. ரிலேட்டடை ஆல்டர்னேட்டிவுக்கு வெளியே கொண்டுவந்தால் தீருமா? படப் பகுதியில் கோப்புப் பெயரை எடுத்துவிட்டால் போதுமா? சோதித்துப் பார்த்தவர்கள், சரியாக வந்த மெயிலின் மூலத்திலிருந்து ஒவ்வொரு பகுதியின் ஹெடரையும் ஒட்டுங்கள். முகவரிகளை மட்டும் நீக்கிவிடுங்கள்.