ஏபிசிடி தரவா, கல்லடிப் பிள்ளைகள் 60 பேரா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
வளரிளம் பருவ மூளை பற்றி ஆய்வு செய்ய வந்த என் மாணவி ஒருத்தி, ஏபிசிடி தரவை எடுக்கட்டுமா, கல்லடிப் பக்கம் 60 பிள்ளைகளைச் சேர்த்து ஸ்கேன் எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். ஏபிசிடி என்பது, அமெரிக்காவில் 21 இடங்களில் 9, 10 வயதில் சேர்த்த 11,800க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மூளை ஸ்கேன் எடுத்துப் பத்து வருடம் பின்தொடரும் ஆய்வு. அதையே எடு என்றேன். ஸ்கேனில் மூளையைப் பற்றி அளப்பவற்றுக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது, அதைப் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று 2022இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 60 பேரை நம்பி என்ன எழுதுவது?

அக்கரைப்பற்றான்:
அண்ணன், பதினோராயிரம் பேர் இருந்தால் தூசளவு வித்தியாசமும் பி-பெறுமானத்தில், அதாவது வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் கணக்கில், தேறிவிடும். அதோடு எங்கள் பிள்ளைகள் ஒருவரும் அதில் இல்லையே.

வாவிக்கரை:
தேறும், ஓம். அதனால்தான் விளைவின் அளவை, அதாவது வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதைப் பார் என்று அவளிடம் சொன்னேன். தம்பி, 60 பேரை இங்கே பின்தொடர்வது லேசில்லை. முன்பு ஒரு பாடசாலைக்கு இரண்டு வருடம் கழித்துப் பெயர்ப் பட்டியலோடு திரும்பிப் போனேன். ஒருத்தியின் தாய் கட்டாருக்குப் போய்விட்டார், பிள்ளை வாழைச்சேனையில் அம்மம்மாவோடு. ஒருவன் படிப்பை விட்டுக் கொழும்பில் கடையில் நிற்கிறான். எஞ்சியவர்கள் எல்லாம் வீடு நிலையாக இருந்த பிள்ளைகள். அவர்களை வைத்து ஊரைப் பற்றி எப்படி எழுத?

அக்கரைப்பற்றான்:
அந்த ஓட்டை பெரிய தரவிலும் உண்டு. நான் ஸ்கேன் படங்களோடு வேலை செய்தவன். தலையை ஆட்டிய பிள்ளையின் படத்தில் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளிப்படலம், உள்ளதைவிட மெலிந்து தெரியும். கவனம் நிலைக்காத பிள்ளைகள்தான் அதிகம் ஆடுவார்கள். ஆடிய படங்களை எல்லாம் கழித்தால் அந்தப் பிள்ளைகளே கணக்கிலிருந்து போய்விடுவார்கள். சீமென்ஸ், ஜிஇ, பிலிப்ஸ் என்று மூன்று கம்பனி மெஷின் வேறு. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மெஷின் வித்தியாசத்தை மூளை வித்தியாசம் என்று எழுதிவிடுவாள். இரட்டையரும் இருக்கிறார்கள், ஒரு வீட்டுப் பிள்ளைகளைத் தனித்தனி ஆட்களாக எண்ணக் கூடாது.

வாவிக்கரை:
நல்லது, இதை அப்படியே அவளுக்கு அனுப்புகிறேன். ஆனால் 60 பேருக்கு ஸ்கேன் என்றால் நான் ஒப்ப மாட்டேன்.

அக்கரைப்பற்றான்:
சரி, ஸ்கேன் வேண்டாம். நித்திரை, வீட்டு நிலை பற்றிய கேள்விகளை நம்முடைய தமிழில் வைத்து அந்த 60 பேரிடம் கேட்கட்டும். எது விளங்குகிறது, எதற்கு முழிக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அதற்கு 60 தாராளம் அண்ணன்.